அலுமாரிப் பிள்ளைகளும் ஆடிக்கூழும்

விடுமுறைக்கும் ஒரு சரித்திரம் உண்டு. யுத்தங்களையும் ஒப்பந்தங்களையும் இயக்கங்களையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய எமக்கு, ஒரு பிள்ளை ஜூலை மாதத்துப் பகலில் வீட்டில் இருந்து என்ன விளையாடியது, பின்னேரம் என்ன தின்றது என்பதெல்லாம் சரித்திரமாகத் தெரிவதில்லை. அது பெண்களின் குசினிக் கதை, பிள்ளைகளின் பகிடிக் கதை என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் ஒரு நாட்டில் எந்தப் பிள்ளை விளையாடலாம், எந்தப் பிள்ளை வேலை செய்யவேண்டும், எந்தப் பிள்ளை ஒளிந்திருக்க வேண்டும் என்பதைத் தீர்மானித்தவை சட்டங்களும் சம்பளங்களும்தான்.

சோலோதுர்ன் கன்ரோனில் ஜூலை முற்பகுதியில் மூடப்படும் பள்ளிக்கூடங்கள் ஆகஸ்ட் நடுப்பகுதியில்தான் திறக்கின்றன. இந்த ஐந்தாறு கிழமைகள் வரப்போகின்றன என்றவுடன் எங்கள் வீடுகளில் முதலில் நடப்பது ஒரு கணக்கு. நாலு பேர் ஊருக்குப் போய்வர விமானச் சீட்டு எவ்வளவு? பிள்ளையை ஒரு கிழமை முகாமுக்கு அனுப்பினால் எவ்வளவு? தகப்பன் றெஸ்ரோரன்ற் குசினியில், தாய் வயோதிபர் இல்லத்தில் அல்லது துப்புரவு வேலையில். இருவரதும் லீவு ஒரே நாட்களில் வாய்ப்பது அபூர்வம். கணக்கு முடிகிறபோது மிஞ்சுவது வீடுதான். காலையில் வேலைக்கு வெளிக்கிடும்போது வாசலில் நின்று சொல்லப்படும் மூன்று வசனங்கள் எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: "கதவைத் திறக்காதேங்கோ. அடுப்பைத் தொடாதேங்கோ. சத்தம் போடாமல் விளையாடுங்கோ."

மூன்றாவது வசனத்திற்கு இந்த நாட்டில் நீண்ட வரலாறு இருக்கிறது. அதை முதலில் சொன்னவர்கள் நாம் அல்லர்.

*

விடுமுறை என்றால் ஓய்வு என்பது பிற்காலத்தில் வந்த அர்த்தம். 1874ஆம் ஆண்டின் சுவிஸ் அரசியலமைப்பு ஆரம்பக் கல்வியைக் கட்டாயமாகவும் இலவசமாகவும் ஆக்கியது. ஆனால் கமக்காரருக்குப் பிள்ளைகளின் கைகள் தேவைப்பட்டன. புல் வெட்டிக் காயவைக்கும் காலம், தானியம் அறுக்கும் காலம், உருளைக்கிழங்கு கிண்டும் காலம் என்று பயிரின் நாட்களைப் பார்த்தே பள்ளிக்கூடங்களை மூடினார்கள். எங்கள் ஊரில் வெங்காயம் கிண்டும் நாட்களிலும் புகையிலைக்குத் தண்ணீர் இறைக்கும் நாட்களிலும் வகுப்பறை வாங்குகள் வெறுமையாகக் கிடந்ததைக் கண்டவர்களுக்கு இது புதினமாக இராது.

1877இல் வந்த தொழிற்சாலைச் சட்டம் 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைத் தொழிற்சாலையில் வேலைக்கு வைப்பதைத் தடை செய்தது. பெரியவர்களின் வேலைநாளையும் 11 மணித்தியாலமாக மட்டுப்படுத்தியது. அன்றைய ஐரோப்பாவில் இது முன்னேறிய சட்டம்தான். ஆனால் சட்டம் தொழிற்சாலை வாசலோடு நின்றுவிட்டது. வயலுக்குள்ளும் வீட்டுக்குள்ளும் நுழையவில்லை. சோலோதுர்ன் கன்ரோனின் வடபகுதிக் கிராமங்களில் பேசல் வியாபாரிகளுக்காக வீட்டிலேயே பட்டு நாடா நெய்தார்கள். தறியில் பெரியவர்கள் இருக்க, நூல் சுற்றுவது பிள்ளைகளின் வேலை. கிழக்கே சென்ற்காலன் பக்கத்தில் பின்னல்வேலை இயந்திரத்துக்கு ஊசி ஊசியாக நூல் கோர்த்துக் கொடுத்தவையும் பிள்ளைகளின் விரல்கள்தான். அந்தப் பிள்ளைகளுக்கு வீடு விளையாடும் இடமாக இருக்கவில்லை. இன்னொரு பட்டறையாகவே இருந்தது.

ஏழைப் பிள்ளைக்கும் கோடை வேண்டும் என்று முதலில் காரியமாகச் செய்து காட்டியவர்களில் ஒருவர் சூரிச் நகரப் பாதிரியாரான ஹேர்மன் வால்டர் பியோன். 1876இல் அவர் நகரத்து ஏழைப் பிள்ளைகள் 68 பேரை அப்பென்செல் மலைப்பகுதிக்கு அழைத்துப் போனார். நல்ல காற்று, பால், பாண், மலையில் நடை: இவ்வளவுதான் திட்டம். விடுமுறைக் குடியிருப்பு என்ற இந்த யோசனை விரைவிலேயே ஐரோப்பாவின் பல நகரங்களுக்குப் பரவியது. திரும்பி வரும் பிள்ளைகளைத் தராசில் ஏற்றி, எவ்வளவு நிறை கூடியிருக்கிறது என்று பார்ப்பது வழக்கமாயிற்று. விடுமுறையின் பயனைக் கிலோக் கணக்கில் அளந்த காலம் அது. இன்று நாம் அதைப் புகைப்படக் கணக்கில் அளக்கிறோம். பள்ளி திறந்தவுடன் "எங்கே போனாய்?" என்ற கேள்விக்குப் பதிலில்லாத பிள்ளை தலையைக் குனிகிறது.

பியோன் மலைக்கு அழைத்துப்போன காலத்திலும் அதற்குப் பின் ஏறத்தாழ நூறு வருடங்களும் வேறொரு வகைப் பிள்ளைகள் இந்த நாட்டின் மலைகளில் இருந்தார்கள். வறுமையாலோ, தாய் தகப்பன் இல்லாததாலோ, மணமாகாத தாய்க்குப் பிறந்ததாலோ அதிகாரிகளால் பிரித்தெடுக்கப்பட்டுப் பண்ணைகளுக்குக் கூலியின்றி வேலைக்குக் கொடுக்கப்பட்ட பிள்ளைகள். 'ஃபெர்டிங்கின்டர்' என்பது அவர்களுக்கு இடப்பட்ட பெயர். இவர்களுக்குக் கோடை என்பது ஆண்டின் மிகக் கடினமான காலம். பள்ளிக்கூடம் என்ற ஒரே ஒதுங்குமிடமும் அப்போது பூட்டியிருக்கும். 2013 ஏப்ரல் 11ஆம் திகதி மத்திய அமைச்சர் சிமொனெத்தா சொமாருகா அரசின் சார்பில் இவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். 2017இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, விண்ணப்பித்துப் பாதிக்கப்பட்டவராக ஏற்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் 25,000 பிராங் வழங்கப்பட்டது. பெரும்பாலானோர் அப்போது கிழவர்களாகவும் கிழவிகளாகவும் ஆகியிருந்தார்கள்.

*

இனி எமக்கு மிகக் கிட்டிய அத்தியாயத்துக்கு வருவோம்.

1934 முதல் 2002 வரை இந்த நாட்டில் பருவகாலத் தொழிலாளர் என்றொரு சட்டநிலை இருந்தது. இத்தாலியிலிருந்தும் பின்னர் ஸ்பெயின், போர்த்துக்கல், யூகோஸ்லாவியாவிலிருந்தும் வந்தவர்கள் ஆண்டுக்கு அதிகபட்சம் ஒன்பது மாதம் இங்கே வேலை செய்யலாம். பிறகு திரும்பிப் போகவேண்டும். மனைவி பிள்ளைகளை அழைத்து வைத்திருக்க உரிமை இல்லை. றோட்டுப் போட்டவர்கள், சுரங்கம் வெட்டியவர்கள், ஹோட்டல்களில் கோப்பை கழுவியவர்கள் அவர்கள்தான். எமக்கு முன் அந்தக் குசினிகளில் நின்றவர்கள்.

ஆனாலும் பிள்ளைகள் வந்தார்கள். காரின் பின் ஆசனத்தில், உடுப்புகளுக்கு அடியில், உல்லாசப் பயணிகளாக வந்து தங்கிவிட்டவர்களாக வந்தார்கள். வந்தவர்கள் அறைக்குள் அடைபட்டார்கள். தாயும் தகப்பனும் வேலைக்குப் போன பின் யன்னல் சீலையை விலக்கக் கூடாது, மணி அடித்தால் கதவைத் திறக்கக் கூடாது, ஓடக் கூடாது, அழக் கூடாது. அயலவர் ஒருவர் பொலிசுக்குச் சொன்னால் போதும், பிள்ளை மட்டுமல்ல, குடும்பத்தின் பிழைப்பே போய்விடும். யாராவது வந்தால் அலுமாரிக்குள் ஒளிந்துகொண்டதால் இவர்களுக்கு அலுமாரிப் பிள்ளைகள் என்று பெயர் வந்தது. இப்படி ஆயிரக்கணக்கானோர் வளர்ந்தார்கள். இவர்களுக்கு வருடம் முழுவதும் வீட்டு விடுமுறைதான். பள்ளிக்கூடமே இல்லாத விடுமுறை. கடதாசி, பென்சில், நூல், பொத்தான்: சத்தம் எழுப்பாத பொருட்களே இவர்களின் விளையாட்டுச் சாமான்கள்.

1970 ஜூன் 7இல், அந்நியர் தொகையை ஒவ்வொரு கன்ரோனிலும் சுவிஸ் பிரஜைகளின் தொகையில் பத்து வீதத்துக்குள் கட்டுப்படுத்த வேண்டும் (ஜெனீவாவுக்கு மட்டும் விதிவிலக்கு) என்ற ஷ்வார்சென்பாக் பிரேரணை வாக்கெடுப்புக்கு வந்தது. வாக்களித்தவர்கள் ஆண்கள் மட்டுமே; பெண்களுக்கு மத்திய வாக்குரிமை அடுத்த ஆண்டுதான் கிடைத்தது. 54 வீதத்தினர் எதிர்த்ததால் பிரேரணை தோற்றது. ஆனால் அதை ஏற்ற கன்ரோன்களில் சோலோதுர்னும் ஒன்று. கிறெஞ்சனின் மணிக்கூட்டுத் தொழிற்சாலைகளும் கெர்லாஃபிங்கனின் இரும்பாலையும் வெளிநாட்டுக் கைகளையும் சேர்த்து நம்பியிருந்த அதே கன்ரோன். அன்று வளர்ந்த அலுமாரிப் பிள்ளைகளில் சிலர் 2021இல் 'தெசோரோ' என்ற சங்கத்தை அமைத்து, தமக்கும் அரசு மன்னிப்புக் கூறவேண்டும் என்று கேட்கத் தொடங்கினார்கள்.

எண்பதுகளில் எமது இளைஞர்கள் இங்கு வந்து இறங்கியபோது இந்தச் சட்டங்கள் உயிரோடு இருந்தன. நாம் அகதி விண்ணப்பதாரர். எமது சட்டநிலை வேறு. எமது பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். ஆனால் நாம் குடியேறிய தொடர்மாடிகளின் மெல்லிய சுவர்களும், வாசலில் ஒட்டியிருந்த வீட்டு ஒழுங்குப் பத்திரங்களும், மத்தியான அமைதி நேரமும், மேல்மாடியில் பந்து விழுந்தால் கீழ்மாடியிலிருந்து தும்புக்கட்டையால் தட்டும் வழக்கமும் இத்தாலியப் பிள்ளைகள் கண்டவையேதான். விசா இல்லாத பயம் போன பின்னும் சத்தத்தைப் பற்றிய பயம் எம்மிடம் தங்கிவிட்டது. நல்ல அகதி என்றால் சத்தமில்லாத அகதி என்று எம்மை நாமே பழக்கிக்கொண்டோம். அந்தப் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கும் கொடுத்தோம்.

*

ஊரில் விடுமுறைக்குச் செலவு இருக்கவில்லை. இதை ஏக்கத்தோடு சொல்வது சுலபம். காரணத்தைச் சொல்வதுதான் பயன். செலவில்லாமல் இருந்ததற்குக் காரணம் வளவு, ஒழுங்கை, பனை, பெரியம்மா, அம்மம்மா. பிள்ளையைப் பார்ப்பதற்கு ஒருவர் எப்போதும் இருந்தார். தின்பதற்கு ஒன்று எப்போதும் காய்ந்துகொண்டிருந்தது.

ஆகஸ்ட் விடுமுறை பனம்பழக் காலம். பழத்தைப் பிசைந்து களி எடுத்துக் காய்ச்சி, மா சேர்த்துச் சுட்டால் பனங்காய்ப் பணியாரம். அதே களியைப் பாயில் ஊற்றி வெயிலில் காயவைத்தால் பனாட்டு. விதையைப் பாத்தியில் புதைத்தால் மாரி முடியக் கிழங்கு. கிழங்கைப் பச்சையாகக் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒரே மரத்திலிருந்து நாலு பருவத்துக்கும் தீன். விளையாட்டும் அப்படித்தான். கிளித்தட்டுக்குக் கோடு கீற ஒரு தடி; கொக்கானுக்கு ஐந்து கல்; நாயும் புலியும் ஆடுவதற்குக் கரித்துண்டும் புளியங்கொட்டையும்; போளைக்கு மட்டும் சில்லறைக் காசு. 1990க்குப் பின் பொருளாதாரத் தடை வந்து பற்றரி, எரிபொருள் எல்லாம் குடாநாட்டுக்குள் வராமல் போனபோதும் பிள்ளைகள் கொக்கான் வெட்டினார்கள், பட்டம் விட்டார்கள். பறிபோனவை மின்விளக்கும் சீனியும் மட்டுமல்ல, பல பிள்ளைகளுக்கு உயிரும்தான். அதையும் சேர்த்தே இந்தக் கணக்கை எழுதவேண்டும். வளவு எப்போதும் பத்திரமான இடமாக இருக்கவில்லை.

இங்கே வளவு இல்லை. ஆனால் நாம் நினைக்கிற அளவுக்கு இந்த மண் எமக்கு அந்நியமும் அல்ல. சுவிஸ் வீடுகளில் பிள்ளைகள் ஆடும் 'ஐலே மித் வைலே' என்ற பலகை விளையாட்டு, வட இந்தியாவின் பச்சீசி வழிவந்தது. எங்கள் தாயத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரம். ஜெர்மனியில் 1914இல் விற்பனைக்கு வந்து முதலாம் உலக யுத்தத்தில் காயப்பட்ட படையினரின் ஆஸ்பத்திரிகளுக்கூடாகப் பரவிய 'மென்ஷ் ஏர்கெரே டிஷ் நிஷ்ட்' என்பதும் அதே குடும்பம்தான். பெட்டி வாங்கத் தேவையில்லை. பழைய காட்போட் மட்டையில் தாயக்கட்டம் கீறி, சோழிக்குப் பதில் பொத்தான்களை வைத்து ஆடலாம். ஒரு பக்கம் தாயம், மறுபக்கம் மியூலே கட்டம் என்று கீறிவிட்டால், கீழ்வீட்டுப் பிள்ளையும் வந்து உட்காரும்.

போளை அடிப்பதைச் சிறுபிள்ளை வேலை என்பவர்களுக்கு ஒரு தகவல்: சுவிஸ் உளவியலாளர் ஜோன் பியாஜே, பிள்ளைகளின் ஒழுக்க உணர்வைப் பற்றி 1932இல் வெளியிட்ட நூலை, போளை விளையாட்டின் விதிகளை ஆராய்வதிலிருந்தே ஆரம்பிக்கிறார். விதி எங்கிருந்து வருகிறது, அதை மாற்றலாமா, யார் மாற்றலாம் என்று ஜெனீவா, நொய்சத்தல் பிள்ளைகளிடம் கேட்டார்கள். சிறுபிள்ளைகள் விதியை மாற்ற முடியாத கட்டளையாக நினைக்க, வளர்ந்த பிள்ளைகள் எல்லோரும் சம்மதித்தால் மாற்றலாம் என்றனவாம். பிள்ளைகள் தாயக்கட்டத்தில் சண்டைபிடிக்கும்போது நடப்பது இதுதான். நாம் குறுக்கே போய்த் தீர்ப்புச் சொல்லாமல் இருந்தால் அவர்களே ஒரு சட்டசபையை நடத்தி முடிப்பார்கள்.

*

தீனுக்கு வருவோம். சுவிஸ்காரர் காலை ஒன்பது மணித் தீனை 'ஸ்னியூனி' என்றும் பின்னேரம் நாலு மணித் தீனை 'ஸ்ஃபியெரி' என்றும் சொல்வார்கள், நேரமே பெயராகிவிட்டது. வயலில் வேலை செய்தவர்களின் இடைச் சாப்பாட்டிலிருந்து வந்த பழக்கம் இது. ஒரு ஆப்பிள், ஒரு பாண் துண்டு, அதற்குள் ஒரு சொக்கிலேற் கட்டி, அவ்வளவுதான். மிஞ்சிய பாணை எறியாத பழக்கமும் அவர்களிடம் உண்டு. நாலு துண்டு பழைய பாண், இரண்டு முட்டை, அரைக் கோப்பை பால். முட்டையையும் பாலையும் அடித்து, பாணைத் தோய்த்து, கொஞ்ச பட்டரில் பொரித்தெடுத்துச் சீனியும் கறுவாத்தூளும் தூவினால் 'ஃபோட்ஸல்ஷ்னித்தே'. இதையே எங்கள் ஊரில் பம்பாய் ரோஸ்ற் என்றார்கள். கறுவாவோ எங்கள் தீவின் பொருள். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் அதற்காகவே கப்பலேறி வந்தார்கள் என்று பொரிக்கிற நேரத்தில் பிள்ளைக்குச் சொல்லலாம். சரித்திரப் பாடம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

ஆப்பிளை வட்டம் வட்டமாக வெட்டி, நடுவைக் குடைந்து, நூலில் கோர்த்துத் தொங்கவிட்டுக் காயவைப்பது இந்த நாட்டு மலைவாசிகளின் குளிர்காலச் சேமிப்பு. புழுக்கொடியலின் கதையும் இதுதான்: விளைந்த காலத்தில் காயவை, இல்லாத காலத்தில் தின். அவலை நனைத்துத் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுக் கொடுக்கலாம். எள்ளை வறுத்து இடித்துப் பனங்கட்டியோடு உருட்டலாம். கடலை அவிக்கலாம். இவற்றில் அடுப்பில்லாத வேலையைப் பிள்ளையிடம் விடவேண்டும். உருட்டிய கைக்குத்தான் உருண்டையின் ருசி தெரியும்.

வெளியே போகவும் பெருங்காசு வேண்டாம். சோலோதுர்ன் 1481இல் சுவிஸ் கூட்டமைப்பில் பதினொராவதாகச் சேர்ந்தது. பதினொன்று இந்த நகரத்தின் ராசி எண். சென்ற் ஊர்சென் தேவாலயத்தின் படிகள் பதினொன்று பதினொன்றாக அடுக்கப்பட்டவை; உள்ளே பதினொரு பீடங்கள், கோபுரத்தில் பதினொரு மணிகள். நகரத்தின் பழைய நீரூற்றுகளும் பதினொன்று. ஒரு பேப்பரும் பென்சிலும் கொடுத்துப் பதினொன்றுகளைத் தேடி எழுது என்றால் ஒரு பகல் போய்விடும். வெரேனா பள்ளத்தாக்கின் ஓடையோரம் நடந்தால் ஜூலையிலும் குளிரும். அந்த வெரேனாவும், தேவாலயத்துக்குப் பெயர் கொடுத்த ஊர்சுசும் எகிப்தின் தீப்ஸ் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்பது ஐதீகம். குர்செல்ன் தெருவில் உள்ள வீடொன்றில், போலந்தின் விடுதலைக்குப் போராடித் தோற்ற கொஸ்சியுஸ்கோ தன் கடைசி இரண்டு வருடங்களைக் கழித்து 1817 அக்டோபர் 15இல் இறந்தார். அந்த வீட்டுச் சிறுமிக்குப் பாடமும் சொல்லிக் கொடுத்தார். இந்த நகரம் கொண்டாடுகிற பெயர்களில் வந்தேறியவை எத்தனை என்று எமது பிள்ளைகள் எண்ணிப் பார்ப்பது நல்லது. பள்ளிக்கூட மைதானத்தில் "நீ எந்த நாடு?" என்று கேட்கப்படும்போது அந்த எண்ணிக்கை உதவும்.

*

ஆனால் இந்த ஐந்தாறு கிழமைகளில் எமக்கு உண்மையில் கைநழுவிப் போவது காசு அல்ல, கதை. சோலோதுர்ன்காரரான எழுத்தாளர் பீற்றர் பிக்சல் (1935–2025) பக்கத்து ஊரான சுக்விலில் ஆரம்பப் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1969இல் வெளிவந்த அவரது சிறுவர் கதைகளில் ஒன்றில், தனிமையில் வாழும் கிழவர் ஒருவர் சலிப்பினால் பொருட்களின் பெயரை மாற்றத் தொடங்குகிறார். கட்டிலுக்கு ஒரு பெயர், மேசைக்கு இன்னொரு பெயர். முதலில் அது வேடிக்கை. ஈற்றில் அவர் சொல்வது மற்றவர்களுக்கு விளங்கவில்லை, மற்றவர்கள் சொல்வது அவருக்கு விளங்கவில்லை, அவர் மௌனமாகிவிடுகிறார்.

இந்தக் கதையை எமது வீடுகளில் இரண்டு பக்கமிருந்தும் வாசிக்கலாம். பிள்ளையின் வாயில் மேசை 'டிஷ்' ஆகிறது, கதிரை 'ஷ்டூல்' ஆகிறது. நாம் ஒரு மொழியில் பேச, பிள்ளை இன்னொரு மொழியில் பதில் சொல்கிறது. இன்றைக்கு அது பகிடி. நாளை பிள்ளைக்குப் பதினாறு வயதாகும்போது, கதைக்க விஷயம் இருந்தும் சொல் இருக்காது. மொழியைச் சனிக்கிழமை வகுப்பு மட்டும் காப்பாற்றாது. கொக்கான், கிளித்தட்டு, பணியாரம், பனாட்டு என்ற சொற்கள் அந்தப் பொருட்களோடும் கைகளோடும் சேர்ந்துதான் ஒரு பிள்ளைக்குள் போகும். ரீவிப் பெட்டியும் கைத்தொலைபேசியும் பிள்ளையை அமைதியாக வைத்திருக்கும், உண்மை. அமைதியாக இருக்கிற பிள்ளை அலுமாரிக்குள் இருந்த பிள்ளையைப் போன்றதே என்பதை மறக்கக் கூடாது.

1989இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சாசனத்தின் 31ஆவது பிரிவு ஓய்வையும் விளையாட்டையும் பிள்ளையின் உரிமை என்கிறது. இலங்கை 1991இலும் சுவிற்சர்லாந்து 1997இலும் அதை ஏற்று உறுதிப்படுத்தின. உரிமை என்றால் சத்தத்துக்கும் உரிமைதான். மத்தியான அமைதி நேரத்தை மதிப்போம், இரவு பத்து மணியை மதிப்போம். மற்ற நேரத்தில் பிள்ளை சிரித்தால், ஓடினால், போளை உருண்டால், அதற்காக நாம் படிக்கட்டில் நின்று எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

ஆடி முதலாம் திகதி ஜூலை நடுப்பகுதியில், சரியாக இந்த விடுமுறைக்குள் வருகிறது. நவாலியூர் சோமசுந்தரப் புலவர் அந்த நாளுக்கென்று பிள்ளைகளுக்குப் பாட்டே எழுதி வைத்தார். 1983இல் ஆடி பிறந்து ஒரு கிழமை கழித்து வந்த கலவரம் அந்த மாதத்தின் பெயரையே எமக்கு மாற்றிவிட்டது. எமது பிள்ளைகளுக்கு ஆடி இரண்டு விதமாகவும் தெரிந்திருக்கட்டும். கூழுக்குத் தேவையானவை பெரிய சாமான்கள் அல்ல: பச்சரிசி மா, வறுத்த பயறு, தேங்காய்ப்பால், தேங்காய்ச் சொட்டு, பனங்கட்டி, மிளகு, சீரகம். தேங்காய்ச் சொட்டு வெட்டுவதைப் பெரிய பிள்ளையிடமும், பனங்கட்டி உடைப்பதைச் சின்னப் பிள்ளையிடமும் கொடுங்கள். உடைக்கிற சத்தம் கீழ்வீட்டுக்குக் கேட்கும். ஆகவே காய்ச்சி முடிந்ததும் முதல் கிண்ணத்தைப் பிள்ளையின் கையில் கொடுத்துக் கீழே அனுப்புங்கள். மிளகை மட்டும் அவர்களுக்கு ஏற்ற அளவில் கொஞ்சம் குறைத்துப் போடுவது நல்லது.